ஆள்காட்டியின் தொப்பி

இரவு நேரம். ஜெர்மானியரின் பிடியில் இருக்கும் பாரிஸில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவருகிறார். ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டாபோவின் அலுவலகத்தில் காவலாளியைக் குத்திக் கொன்றுவிட்டுத் தப்பியவர் அவர். விளக்கு எரியும் ஒரு சவரக்கடை கண்ணில் படுகிறது. உள்ளே போய் உட்கார்ந்து, சவரம் செய்ய வேண்டும் என்கிறார். கடையில் மார்ஷல் பெத்தேனின் படம் போட்ட சுவரொட்டி. ஜெர்மானியரோடு கைகோத்த அரசின் தலைவர் பெத்தேன். கடைக்காரர் அதிகம் பேசாமல் நுரை பூசுகிறார், சவரக்கத்தியைத் தொண்டையருகே கொண்டுபோகிறார். வந்தவர் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலை முடிகிறது. உள்ளறைக்குப் போன கடைக்காரர் ஒரு பழைய மேல்கோட்டுடன் திரும்புகிறார். வந்தவர் போட்டிருக்கும் கோட்டை விட்டுவிட்டு இதைப் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார்.

ழான்-பியேர் மெல்வில் 1969-ல் எடுத்த ‘நிழல்களின் படை’யில் வரும் காட்சி இது. தப்பி வந்தவராக லினோ வெந்துரா, கடைக்காரராகச் சில நிமிடங்களே வந்துபோகும் செர்ஜ் ரெஜியானி. கத்தி தொண்டையில் இருக்கும்போது நமக்குள் எழும் கேள்வி, கொல்வானா என்பதல்ல, காட்டிக்கொடுப்பானா என்பது. பிரெஞ்சு நுவார் படங்களை, அதாவது இருண்ட குற்றப்படங்களை, அணுக இந்தக் கேள்வியைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்க நுவாரில் ஆசை மனிதனைக் கெடுக்கிறது. பணத்துக்கோ பெண்ணுக்கோ ஆசைப்பட்டு ஒருவன் கால் வைக்கிறான், சேறு இழுத்துக்கொள்கிறது. போருக்குப் பிந்தைய பிரெஞ்சுப் படங்களில் திருட்டும் கொலையும் ஏறக்குறைய அன்றாடத் தொழில்கள். அவற்றுக்காக யாரும் வெட்கப்படுவதில்லை. வெட்கப்பட வேண்டிய குற்றம் ஒன்றுதான்: ஆள்காட்டுவது.

இந்தப் படங்களின் பெயர் வரலாறே பலரும் நினைப்பதைவிடச் சிக்கலானது. 1946 கோடையில், போர்க்காலத்தில் தடைபட்டிருந்த அமெரிக்கப் படங்கள் ஒரே நேரத்தில் பாரிஸ் திரையரங்குகளுக்கு வந்தன. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’, ‘டபுள் இன்டெம்னிட்டி’, ‘லாரா’ போன்றவற்றைப் பார்த்த விமர்சகர் நினோ ஃப்ராங்க் அவற்றை ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படங்கள், என்று எழுதினார். முந்தைய ஆண்டுதான் கலிமார் பதிப்பகம் மார்செல் துயமெல் பொறுப்பில் ‘ஸெரி நுவார்’ என்ற குற்றப் புனைவு வரிசையைத் தொடங்கியிருந்தது. அமெரிக்கப் படங்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் என்று பாடநூல்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் 1930-களின் கடைசியிலேயே பிரெஞ்சுப் பத்திரிகைகள் அந்தச் சொல்லைத் தங்கள் நாட்டுப் படங்கள்மீது வீசியிருக்கின்றன, பெரும்பாலும் வசையாக. இருண்ட படங்கள், மனத்தைச் சோரவைக்கும் படங்கள், நாட்டுக்கு ஆகாத படங்கள் என்ற பொருளில்.

வசை வாங்கிய படங்களில் முக்கியமானவை மார்செல் கார்னே இயக்கி, கவிஞர் ழாக் பிரெவேர் எழுதியவை. ‘மூடுபனித் துறைமுகம்’ 1938-ல் வந்தது, ‘விடிகிறது’ 1939-ல். இரண்டிலும் நாயகன் ழான் கபன். ‘விடிகிறது’ படத்தில் கொலை செய்துவிட்ட தொழிலாளி ஒருவன் மாடியறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஓர் இரவைக் கழிக்கிறான். கீழே தெருவில் போலீஸ். அலெக்சாந்தர் த்ரோனேர் அதற்காக ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றையே ஸ்டூடியோவில் எழுப்பினார். தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், அந்த ஒற்றைச் சன்னலின் உயரமே அவனுடைய தனிமையாகத் தெரிகிறது. போர் தொடங்கியதும் ராணுவத் தணிக்கை அதைத் தடைசெய்தது. இந்தப் படங்களில் விதிதான் எதிரி. கபன் கப்பலேறித் தப்ப நினைப்பார், துறைமுகத்திலேயே சாவார். காட்டிக்கொடுத்தல் இங்கும் உண்டு, ஆனால் அது விதியின் கைக்கருவி மட்டும். அது கதையின் நடுவுக்கு நகர்ந்தது 1940-க்குப் பிறகு, நாடு வீழ்ந்து, அண்டை வீட்டுக்காரன் யார் என்று தெரியாமல் போன பிறகு.

ஆன்ரி-ஜோர்ஜ் க்ளூஸோ 1943-ல் எடுத்த ‘லெ கோர்போ’ (அண்டங்காக்கை) அந்த நகர்வின் முதல் பெரும் சான்று. ஒரு சிறிய ஊர். மருத்துவர் ஜெர்மென்மீது பழிசொல்லி மொட்டைக் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ‘அண்டங்காக்கை’ என்று கையொப்பம். விரைவில் ஊரிலுள்ள எல்லாருடைய அந்தரங்கமும் கடிதமாகிறது. ஒரு நோயாளி கடிதம் படித்துத் தற்கொலை செய்துகொள்கிறான். ஒரு நர்ஸ்மீது சந்தேகம் விழ, ஊரே அவளை விரட்டுகிறது. கதைக்கு மூலம் உண்மை நிகழ்ச்சி. தூல் என்ற ஊரில் 1917 முதல் 1922 வரை இப்படி மொட்டைக் கடிதங்கள் பறந்தன. லியோன் நகரக் குற்றவியல் நிபுணர் எத்மோன் லோகார், சந்தேகத்துக்குரியவர்களை உட்காரவைத்து, நெடுநேரம் சொல்லச் சொல்ல எழுதவைத்து, கை சோர்ந்தபோது வெளிப்பட்ட எழுத்தைக்கொண்டு ஆளைப் பிடித்தார். படத்திலும் அந்தக் காட்சி உண்டு. வகுப்பறையில் பெரியவர்கள் பிள்ளைகளைப் போல் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆக்கிரமிப்பின்போது ஜெர்மானியருக்கும் பெத்தேனின் விஷி அரசுக்கும் ஏராளமான மொட்டைக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. யூதரை, தலைமறைவுக்காரரை, பிடிக்காத அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுத்து மக்கள் எழுதினார்கள். படத்தில் ஒரு ஜெர்மானியர்கூடத் தென்படுவதில்லை. ஆனாலும் அன்று படம் பார்த்த எவருக்கும் அது எதைப் பற்றியது என்று சொல்லத் தேவையிருந்திருக்காது. இதில் கசப்பான முடிச்சு என்னவென்றால், படத்தைத் தயாரித்த காண்டினென்டல் ஜெர்மன் பணத்தில் நடந்த நிறுவனம். வலதுசாரிகள் ஒழுக்கக்கேடு என்றார்கள், தலைமறைவு எதிர்ப்பியக்கப் பத்திரிகை பிரெஞ்சு மக்களை இழிவுபடுத்தும் படம் என்றது. விடுதலைக்குப் பின் படம் தடைசெய்யப்பட்டது. க்ளூஸோ இனி படமே எடுக்கக் கூடாது என்று ஆணையாயிற்று. பிறகு தண்டனை இரண்டாண்டாகக் குறைந்து, 1947-ல் ‘கே தேஸ் ஓர்ஃபெவ்ர்’ படத்தோடு திரும்பினார்.

‘லெ கோர்போ’வில் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். முதிய மருத்துவர் வொர்ஸே, மேலேயிருந்து தொங்கும் விளக்கை ஆட்டிவிடுகிறார். வெளிச்சம் அறையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடுகிறது. நன்மை வெளிச்சம், தீமை இருட்டு என்று நம்புகிறாயே, எல்லை எங்கே என்று சொல் பார்ப்போம் என்று கேட்கிறார். ஜெர்மென் விளக்கை நிறுத்தப் போய்க் கையைச் சுட்டுக்கொள்கிறார். நுவார் என்றதும் எல்லாரும் நிழலைப் பற்றிப் பேசுகிறார்கள். இங்கே நிழல் அலங்காரமாக நிற்கவில்லை, வாதமாகவே நகர்கிறது. வாதிடுகிறவர் யார் என்று கடைசியில் தெரியும்போது அந்தக் காட்சி மறுபடி நம்மைச் சுடும்.

பத்தாண்டு தள்ளிப் போனால் தொனி மாறுகிறது. ழாக் பெக்கேர் 1954-ல் எடுத்த ‘துஷே பா ஓ கிரிஸ்பி’யில் (சரக்கைத் தொடாதே) கபன் மீண்டும் வருகிறார், நரைத்த தலையோடு. இடைப்பட்ட காலத்தில் அவர் ஹாலிவுட்டை விட்டுவந்து, சுதந்திர பிரெஞ்சுப் படையில் டாங்கியில் போரிட்டிருந்தார். இதில் அவர் மாக்ஸ் என்ற வயதேறிய திருடன். தங்கக் கட்டிகளைக் கொள்ளையடித்துப் பதுக்கிவிட்டு ஓய்வுபெற நினைக்கிறான். நண்பன் ரித்தோன் தன் காதலியிடம் வாய்தவறி உளறிவிட, வேறொரு கும்பல் மோப்பம் பிடிக்கிறது. மாக்ஸ் ரித்தோனைத் தன் ரகசிய வீட்டுக்கு அழைத்துப்போகிறான். வறுத்த ரொட்டியில் இறைச்சி விழுதைத் தடவிச் சாப்பிடுகிறார்கள், ஒயின் குடிக்கிறார்கள். நண்பனுக்குப் பைஜாமாவும் பல்தூரிகையும் எடுத்துத் தருகிறான். இருவரும் பல் விளக்குகிறார்கள். குற்றப்படத்தில் இதற்கு ஏன் இவ்வளவு நேரம்? மன்னிப்பைச் சொல்லால் அல்ல, பைஜாமாவால் சொல்லத் தெரிந்தவர் பெக்கேர். வாய்தவறியவனைக் கைவிடாமல் காப்பாற்ற மாக்ஸ் கடைசியில் தங்கத்தையே பணயம் வைக்கிறான்.

மறு ஆண்டு வந்த ‘ரிஃபிஃபி’யில் அந்த மன்னிப்பு இல்லை. அதை எடுத்த ஜூல்ஸ் டாசின் அமெரிக்கர். கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்றக் குழுவின் முன் 1951-ல் சக இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக் அவர் பெயரைச் சொன்னார். அதோடு ஹாலிவுட் கதவு மூடியது. பிரான்ஸில் கிடைத்த ஒரு படமும் அமெரிக்க நெருக்கடியால் கைநழுவியது. வேலையில்லாமல் கிடந்தவருக்கு ஒகுஸ்த் லெ ப்ரெதோனின் நாவல் வந்தது. நாவல் அவருக்குப் பிடிக்கவில்லை. அதில் சில பக்கங்களே வந்த நகைக்கடைக் கொள்ளையை எடுத்து, ஏறத்தாழ அரைமணி நேரக் காட்சியாக்கினார். வசனம் இல்லை, இசை இல்லை. இசையமைப்பாளர் ஜோர்ஜ் ஓரிக் இதற்கு இசை எழுதித்தான் வைத்திருந்தார். இசையோடும் இசையில்லாமலும் டாசின் போட்டுக்காட்ட, இசை வேண்டாம் என்று ஓரிக்கே ஒத்துக்கொண்டார்.

மாடி வீட்டின் தரையைத் துளைத்துக் கீழே உள்ள கடைக்குள் இறங்க வேண்டும். முதலில் சிறிய ஓட்டை, அதன் வழியே மடக்கிய குடை, உள்ளே போனதும் அதை விரித்து, உதிரும் காரையை அதில் பிடிப்பது. அபாய மணியைத் தீயணைப்பான் நுரையால் அடைப்பது. காரை உதிரும் சத்தம், மூச்சு, தவறி ஒலித்துவிடும் ஒரே ஒரு பியானோ சுரம். நால்வரும் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். இதைக் கொள்ளை நுட்பத்துக்கான பாடம் என்று பார்ப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இவர்களுடைய ஒரே அறம். அந்த அரைமணி நேரம் நாம் காண்பது அந்த அறத்தின் முழு வடிவம். பிறகு வாய் திறக்கிறது. கும்பலில் ஒருவனான சேஸர் காதலிக்கு ஒரு மோதிரத்தைப் பரிசளிக்க, அதைப் பிடித்துக்கொண்டு எதிரிகள் வந்துவிடுகிறார்கள். மிரட்டலுக்குப் பயந்து அவன் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிறான். தலைவன் தோனி அவனைத் தூணில் கட்டப்பட்ட நிலையில் கண்டு, உன்னைப் பிடிக்கும், ஆனால் விதி தெரியுமல்லவா என்கிற விதமாகப் பேசிவிட்டுச் சுடுகிறான். சேஸராக வேறு பெயரில் நடித்தவர் டாசினே. தன் நண்பர்கள் தனக்குச் செய்த துரோகத்தை எண்ணித்தான் அக்காட்சியை எடுத்ததாகப் பின்னாளில் சொன்னார். காட்டிக்கொடுக்கப்பட்டவர், காட்டிக்கொடுத்தவனின் இடத்தில் தன்னையே நிறுத்திச் சுடப்படுகிறார். இதைப் பழிவாங்கல் என்று மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. பயத்தில் அவனும் மனிதன்தான் என்ற புரிதல் அந்த முகத்தில் இருக்கிறது.

லூயி மால் 1958-ல் வெளியிட்ட ‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’ பற்றிப் பேசினால் எல்லாரும் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட்டைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். 1957 டிசம்பரில் ஓர் இரவில், திரையில் காட்சிகள் ஓட ஓட, அவரும் குழுவினரும் வாசித்து முடித்த இசை அது. கடைவீதியின் வெளிச்சத்திலேயே ழான் மொரோவின் முகத்தை ஆன்ரி தெகா படம்பிடித்ததும் புதுமைதான். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கொலைச் சதியில் இணைந்த காதலர் இருவரும் படம் முழுவதும் ஒருமுறைகூடச் சேர்ந்து தோன்றுவதில்லை. கடைசியில், புகைப்பட அறைத் திரவத்தில் மெல்லத் துலங்கும் படங்களில் மட்டும் ஒருவரையொருவர் அணைத்து நிற்கிறார்கள். அந்தப் படங்களே அவர்களைப் போலீஸிடம் காட்டிக்கொடுக்கின்றன.

இனி வருவது இந்தப் படங்களின் ரசிகருக்குச் சங்கடமான பகுதி. 1950-களின் கடைசியில் ழோஸே ஜொவான்னி என்ற எழுத்தாளர் புகழ்பெற்றார். கொலைக் குற்றத்துக்காக 1948-ல் மரண தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு, 1956-ல் வெளியே வந்தவர். பாரிஸின் சாந்தே சிறையிலிருந்து தப்ப முயன்ற அனுபவத்தை நாவலாக்கினார். அதைப் பெக்கேர் ‘லெ த்ரூ’ (துளை) என்று 1960-ல் படமாக்கினார். கைதிகள் மாறி மாறித் தரையை உடைப்பதைக் கேமரா நகராமல் நிமிடக்கணக்கில் பார்க்கிறது. ஐவரில் யார் காட்டிக்கொடுப்பான் என்பதே அதன் மையம். அதே ஆண்டு க்ளோத் ஸோதே இயக்கிய ‘க்ளாஸ் து ரிஸ்க்’ படத்துக்கும் மூலம் ஜொவான்னிதான். பழைய கூட்டாளிகள் கைவிட்ட ஒரு குற்றவாளி, இரு குழந்தைகளோடு அலைகிறான். வெந்துரா அந்த வேடத்தில் நெஞ்சை உருக்குகிறார். ஆனால் அப்பாத்திரத்துக்கு முன்மாதிரியான அபெல் தானோ, பாரிஸின் லோரிஸ்தோன் தெருவிலிருந்து இயங்கிய பிரெஞ்சு கெஸ்டாபோ கும்பலைச் சேர்ந்தவன். 1952-ல் சுட்டுக் கொல்லப்பட்டான். படத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஜொவான்னியின் கடந்த காலமும் 1993-ல் சுவிஸ் பத்திரிகைகள் வழியே வெளிவந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியரோடு ஒத்துழைத்தவர், யூதர்களை மிரட்டிப் பணம் பறித்தவர்.

இதை அறிந்தபின் அந்தப் படங்களைத் தூக்கி எறிய வேண்டுமா? நான் எறியவில்லை. ஆனால் கள்வர்களின் கண்ணியம் பற்றிய புராணத்தை முன்புபோல் நம்பவும் முடிவதில்லை. நாட்டை, அண்டை வீட்டானைக் காட்டிக்கொடுத்த ஒரு தலைமுறையில் சிலர், கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காத வீரர்களைக் கதையில் உருவாக்கிக்கொண்டார்கள். 1966-ல் மெல்வில் படமாக்கிய ஜொவான்னியின் ‘இரண்டாம் மூச்சு’ கதையே இதற்குச் சாட்சி. போலீஸின் சூழ்ச்சியால் ஆள்காட்டி என்று பெயர் கெட்ட ஒருவன், அந்தப் பழியைத் துடைக்கவே உயிரை விடுகிறான். மறைக்க ஏதோ இருந்த கை எழுதிய கதை என்று இன்று படிக்கையில், அதன் ஆவேசம் வேறு வண்ணத்தில் தெரிகிறது.

மெல்விலின் இயற்பெயர் க்ரூம்பாக். யூதர். எதிர்ப்பியக்கத்தில் இருந்தபோது, தனக்குப் பிடித்த அமெரிக்க நாவலாசிரியரின் பெயரை வைத்துக்கொண்டு அதையே நிலைநிறுத்தினார். அவருடைய அண்ணன் ழாக் 1942-ல் பிரனீஸ் மலையைக் கடந்து தப்பும் வழியில், வழிகாட்டியாக வந்தவனாலேயே கொல்லப்பட்டார். 1962-ல் மெல்வில் எடுத்த ‘லெ தூலோஸ்’ இந்த முழு மரபின் உச்சம் என்பது என் எண்ணம். தூலோஸ் என்றால் கொச்சை வழக்கில் தொப்பி. போலீஸுக்கும் கள்வருக்கும் இடையே அது ஆள்காட்டியைக் குறிக்கும் என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறார். நம் மொழியில் ஆள்காட்டி ஒரு குருவியின் பெயரும்கூட. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவை. பிரெஞ்சுக் கொச்சையில் அது தலையில் இருக்கிறது, எல்லாருடைய தலையிலும். படத்தில் போலீஸும் திருடனும் ஒரேமாதிரித் தொப்பிதான் போட்டிருக்கிறார்கள்.

சிலியென் (பெல்மொந்தோ) தன் நண்பன் ஃபோஜெலுக்குத் (ரெஜியானி) திருட்டுக் கருவிகள் கொடுத்துவிட்டு, நேரே தொலைபேசியில் போலீஸ் நண்பரை அழைக்கிறான். ஃபோஜெலின் காதலியை அடித்துக் கட்டிப்போட்டு, திருட்டு நடக்கும் இடத்தைக் கேட்கிறான். திருட்டு நடக்கும் இடத்துக்குப் போலீஸ் வருகிறது. நாம் கண்ணால் பார்த்தோம்: துரோகி இவன்தான். ஒரு மணிநேரத்துக்குப் பின் அதே நிகழ்ச்சிகள் இன்னொரு வரிசையில் விளக்கப்படுகின்றன. காட்டிக்கொடுத்தது அந்தப் பெண், சிலியென் நண்பனைக் காப்பாற்றவே ஓடினான். ஆனால் விளக்கம் சொல்பவன் சிலியென்தான். அவன் சொல்வதையும் ஏன் நம்ப வேண்டும்? மெல்வில் பொய்யான காட்சி ஒன்றையும் காட்டவில்லை. நாம்தான் அரைகுறையாய்ப் பார்த்து ஒருவனை ஆள்காட்டி என்று தீர்ப்பெழுதினோம். விடுதலைக்குப் பிந்தைய பிரான்ஸ் தெருத்தெருவாகச் செய்த காரியம் அது. உண்மை தெரிந்து ஃபோஜெல், தான் ஏவிய கொலைகாரனைத் தடுக்க விரைகிறான். அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. குண்டடிபட்ட சிலியென் கண்ணாடி முன் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு விழுகிறான்.

ஒரு குறையை மூடாமல் சொல்ல வேண்டும். இந்தப் படங்கள் காட்டிக்கொடுத்த பழியை மறுபடி மறுபடி பெண்கள் தலையில் கட்டுகின்றன. ‘கிரிஸ்பி’யில் ரகசியத்தைக் கடத்துவது காதலி, ‘ரிஃபிஃபி’யில் மோதிரம் போவது ஒரு பெண்ணின் கைக்கு, ‘தூலோஸி’ல் குற்றவாளி என்று சொல்லப்படும் பெண்ணுக்குப் பேச வாய்ப்பே இல்லை. ‘ரிஃபிஃபி’யில் தோனி பழைய காதலியைப் பெல்ட்டால் அடிப்பதைப் படம் அவனுடைய நீதி என்பதுபோல் கடந்துபோகிறது. அந்த இடங்களில் ஆண்களின் விசுவாசம் என்ற அழகு அருவருப்பாகிறது.

மெல்விலே இதைப் பின்னர் திருப்பிப் போட்டிருக்கிறார். ‘லெ சாமுராய்’ (1967) படத்தில் கூலிக் கொலைகாரன் ஜெஃப் கொஸ்தெலோவை (அலென் தெலோன்) முகத்துக்கு நேரே பார்த்த ஒரே சாட்சி, விடுதியில் பியானோ வாசிக்கும் பெண். போலீஸ் அடையாள அணிவகுப்பில் அவள் இவனில்லை என்கிறாள். ஏன் என்று படம் கடைசிவரை விளக்குவதில்லை. அவனுடைய சாம்பல்நிற அறையில் கூண்டுக்குள் ஒரு குருவி உண்டு. போலீஸ் ரகசியமாக ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துவிட்டுப் போனதை, அதன் படபடப்பைக் கண்டே அவன் தெரிந்துகொள்கிறான். தொடக்கத்தில் ஏறக்குறைய பத்து நிமிடம் வசனமே இல்லை. காட்டிக்கொடுக்க மறுத்தவளைக் கொல்லும்படி அவனுக்கு உத்தரவு வருகிறது. குண்டில்லாத துப்பாக்கியை அவள்முன் நீட்டி நின்று, போலீஸின் குண்டுக்குச் சாகிறான்.

மீண்டும் ‘நிழல்களின் படை’. ஜோஸஃப் கெஸெலின் நாவலிலிருந்து வந்த படம். 1968 மாணவர் எழுச்சிக்குப் பின்னான பிரான்ஸில், இது அந்த எழுச்சி எதிர்த்த அதிபர் தெகோலைப் போற்றும் படம் என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் 2006-ல்தான் திரைக்கு வந்து கொண்டாடப்பட்டது. இதில் வீரச்செயல்கள் குறைவு. தப்பிப்பதும், தம்மில் ஒருவரைக் கொல்வதுமே அதிகம். காட்டிக்கொடுத்த இளைஞனை மார்செய் நகரில் ஒரு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பக்கத்து வீட்டுக்கு ஆள் குடிவந்துவிட்டதால் துப்பாக்கியைப் பயன்படுத்த முடியாது. இதற்குமுன் இப்படிக் கொன்று பழகாத மூவர், ஒரு துண்டால் அவன் கழுத்தை நெரிக்கிறார்கள். அவன் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. பின்பு மதில்த் (சிமோன் சின்யோரே), அந்தக் குழுவின் மிகத் துணிவான பெண், மகளின் புகைப்படத்தைப் பையிலிருந்து எடுத்தெறிய மனம்வராத ஒரே பிழைக்காகச் சிக்கிக்கொள்கிறாள். மகளை வைத்து மிரட்டப்படுகிறாள், வெளியே விடப்படுகிறாள். தோழர்களே காரில் வந்து நடுத்தெருவில் அவளைச் சுடுகிறார்கள். அந்தக் கணத்தில் அவள் அவர்களைப் பார்க்கும் பார்வை திகைப்பா, நன்றியா என்று பலமுறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

கார் நகர்கிறது. உள்ளே இருக்கும் நால்வரின் முகங்கள்மீது, அவரவர் எப்படிச் சாவார்கள் என்ற வாசகம் தேதியோடு வருகிறது. ஒருவன் நஞ்சை விழுங்குகிறான், ஒருவன் ஜெர்மன் சிறையில் தலை வெட்டப்படுகிறான். சவரக்கடையில் உட்கார்ந்திருந்த கெர்பியே 1944 பிப்ரவரி 13 அன்று, இந்தமுறை ஓடுவதில்லை என்று முடிவெடுக்கிறார். இயக்கத்தின் தலைவர் லூக் ழார்தி அதே ஆண்டு ஜனவரி 22 அன்று சித்திரவதையில் இறக்கிறார். இறக்குமுன் ஒரே ஒரு பெயரைச் சொல்கிறார், தன் பெயரை.